பழைய சைக்கிளுக்குப் பெயின்ட் அடிக்கும் முன்பு



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிள் படத்தை இங்கே போட்டிருந்தேன். நிறையப் பேர் வாழ்த்தினீர்கள். கூடவே ஒரே கேள்வியைப் பலர் பல விதமாகக் கேட்டிருந்தீர்கள். "டீச்சர், பாதிதான் பெயின்ட் அடிச்சிருக்கு, மீதி எப்ப?" என்று ஒரு பழைய மாணவி. "அக்கா, காசு பத்தலைன்னா சொல்லுங்க, அனுப்பி வைக்கிறேன்" என்று துபாயிலிருந்து ஒரு தம்பி. "பவுடர் கோட்டிங் பண்ற இடம் எனக்குத் தெரியும் பெரியம்மா, ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி ஆக்கிடலாம்" என்று சென்னையிலிருந்து ஒரு மருமகள்.

எல்லோருக்கும் நன்றி. காசு பத்தாமல் விடவில்லை. நேரம் இல்லாமலும் விடவில்லை. ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கு என்ன குறை? வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். ஏன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும். என் வகுப்பில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் தூங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள், பொறுத்துக்கொள்வீர்கள்.

முதலில் சைக்கிளைப் பற்றி.

ஹெர்குலிஸ் என்பது இங்கிலாந்தில் பர்மிங்காமில் 1910-ல் தொடங்கிய கம்பெனி. சுதந்திரத்துக்குப் பிறகு, 1949-ல், அங்கேயுள்ள டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் நம் முருகப்பா குழுமமும் சேர்ந்து சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்தார்கள். அதன் பிறகு ஹெர்குலிஸ் நம்ம ஊர் சைக்கிளாகிவிட்டது. அப்பா 1963-ல் வாங்கியது அம்பத்தூர் ஹெர்குலிஸ். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்தில் 40. பின்னால் உட்காருபவர் பாரத்தையும், கேரியரில் கட்டும் மூட்டையையும் தாங்கத்தான் பின்னால் எட்டுக் கம்பி கூடுதல். கறுப்பு எனாமல், அதன் மேல் தங்க நிறத்தில் மெல்லிய கோடுகள்.

அப்பா புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். ஊரிலிருந்து டவுனுக்கு எட்டு மைல். போக எட்டு, வர எட்டு, வாரத்துக்கு ஆறு நாள். ஒன்றரை மாதச் சம்பளம் கொடுத்து அதை வாங்கினாராம். அப்போது வருடா வருடம் பஞ்சாயத்தில் சைக்கிளுக்கு வரி கட்டி, தகட்டு வில்லை வாங்கி மாட்ட வேண்டும். ராத்திரியில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். டைனமோ வாங்கும் வரை ஹேண்டில் பாரில் மண்ணெண்ணெய் விளக்கு மாட்டிக்கொண்டு அப்பா வருவார். தூரத்தில் ஆடிக்கொண்டே வரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அம்மா உலையை இறக்குவாள்.

அந்தச் சைக்கிளில்தான் என் தம்பி குரங்குப் பெடல் போட்டுப் பழகினான். பாருக்கு அடியில் காலை விட்டு, ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு ஓட்டுவதற்கு அதுதான் பெயர் என்று வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கிறேன். நான் பழகவில்லை. பெண்பிள்ளைக்கு எதுக்கு என்றார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைக்கு வந்து, இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

பிறகு அறிவொளி இயக்கம் வந்தது. 1991, 92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலம். எழுத்துக் கற்றுக்கொடுத்ததோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், நர்ஸுகள், அங்கன்வாடிக்காரர்கள், என்னைப் போல டீச்சர்கள், எல்லோரும் விழுந்து எழுந்து பழகினோம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதினார். லேடீஸ் சைக்கிளைவிட பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளைத்தான் பல பெண்கள் விரும்பினார்கள், பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதற்காக. நானே அப்படித்தான். என் சின்ன மகளை அந்தப் பாரில் துண்டு கட்டி உட்கார வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

எனக்குப் பழக்கியது அப்பா. அப்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. கண்மாய்க்கரையில் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். மூன்றாம் நாள் நான் போய் ஒரு வேப்பமரத்தில் மோதினேன். செயின் கவர் உள்ளே நசுங்கியது. இன்றைக்கும் அந்த நசுங்கல் இருக்கிறது. படத்தில் "அந்த டெண்டை எடுத்திருக்கலாமே" என்று கேட்டீர்களே, அது இதுதான்.

அப்பா 2004-ல் தவறிப் போனார். சைக்கிள் மாட்டுக்கொட்டகையில் சாய்ந்தபடி கிட்டத்தட்ட இருபது வருடம் கிடந்தது. போன வருடம் பழைய வீட்டைக் கொடுக்கும்போது, சாமான்களோடு அதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றான் தம்பி. அவனைக் குறை சொல்லவில்லை. டயர் மக்கி, சீட்டை எலி கடித்து, பார்க்க அப்படித்தான் இருந்தது. நான்தான் வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

கொண்டுவந்த மறுநாளே எனக்கும் என் பேரனுக்கும் வேகம். அவனுக்குப் பதின்மூன்று வயது. பழைய சைக்கிளை உரசி, பெயின்ட் அடித்து, கடைசியில் பளபளவென்று காட்டுகிற வீடியோக்களைப் பார்த்திருந்தான். நானும் சேர்ந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் முதல் வேலை உரசுவதுதான். கடையில் உப்புத்தாள் நாலு வாங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தோம். முதலில் பின் மட்கார்டு.

அந்தக் காலத்து சைக்கிளில் பின் மட்கார்டின் நுனியில் வெள்ளை அடித்திருக்கும், ராத்திரியில் பின்னால் வருபவருக்குத் தெரிய. எங்கள் சைக்கிளில் அந்த வெள்ளைப் பட்டையின் மேல் பிற்காலத்தில் ஆயுத பூஜைக்கு யாரோ கறுப்பு அடித்துவிட்டார்கள். பேரன் உரசிக்கொண்டே வந்தவன் நிறுத்தி, "அம்மாச்சி, இங்க ஏதோ பொடைப்பா இருக்கு" என்றான். நான் கண்ணாடியைக்கூட எடுத்துப் போடவில்லை. "நல்லா தேய்டா, சமமாகட்டும்" என்றேன். அவன் தேய்த்தான். தகரம் வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்தான்.

ராத்திரி தங்கச்சிக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் பண்ணினாள். "அக்கா, மட்கார்டுல எங்க எழுத்து இருந்துச்சே?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சைக்கிள் வாங்கியபோது அப்பா போர்டு எழுதுபவரிடம் கொடுத்து, அந்த வெள்ளைப் பட்டையில் சிவப்பில் "ரா. செ." என்று எழுதி வாங்கினார். என் முதல் எழுத்து, தம்பியின் முதல் எழுத்து. நாலு வருடம் கழித்துத் தங்கச்சி பிறந்தாள். அப்போது போர்டுக்காரரிடம் போகக் காசில்லையோ நேரமில்லையோ, வீட்டிலேயே உட்கார்ந்து தன் கையாலேயே ஓரமாக ஒரு "வ." எழுதினார். கோணலாக இருக்கும். இடம் பத்தாமல் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்காக அவளைக் கேலி செய்வோம். கறுப்பு அடித்த பிறகும் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் எழுத்து புடைத்துத் தெரியும். அவளுக்கு அது ஞாபகம் இருந்தது. எனக்கு மறந்துவிட்டது.

"அப்பா கையால எனக்குன்னு எழுதினது அது ஒண்ணுதான்க்கா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அதன் பிறகு மூன்று மாதமாக அவள் தானாக எனக்குப் போன் பண்ணவில்லை. நான் பண்ணினால் பேசுகிறாள், மாப்பிள்ளையின் சுகர் பற்றியும் மழை பற்றியும்.

அந்த வாரம் முழுக்க நான் சைக்கிளைத் தொடவில்லை. பிறகு தள்ளிக்கொண்டு போய், எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் விட்டேன். என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவர். இப்போது அவருக்கு ஐம்பது வயதாகிறது, தலை நரைத்துவிட்டது. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மட்கார்ட யாரு டீச்சர் இப்படி ஒரசினது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். சிரிக்கவில்லை. "மொதல்ல ஓட வைப்போம். பெயின்ட் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார்.

என் கருத்து என்று நான் சொல்ல வந்ததில் முதல் பாதி அவருடைய இந்த வாக்கியம்தான். பழைய சைக்கிளைச் சீர் செய்வது என்றால் முதலில் அதை ஓட வைப்பது. நாம் தலைகீழாகச் செய்கிறோம். பெயின்டில் ஆரம்பிக்கிறோம், பெயின்டிலேயே முடித்துவிடுகிறோம். ஓட்டல் சுவரில் மாட்டுகிறோம், வரவேற்பறையில் பூந்தொட்டி வைக்கிறோம். உள்ளே பால்ஸ் எல்லாம் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். வெளியே மினுமினுக்கும். அதற்குப் பெயர் சீரமைப்பா?

அவர் நாலு சாயங்காலம் வேலை பார்த்தார். நான் ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுச் சைக்கிளுக்கு உதவும்.

கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னைக் கண்டபடி சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கிவிடும், உள்ளே பால்ஸ் ஓடும் தடத்திலும் பள்ளம் விழும். அவர் முதல் நாளே எண்ணெய் விட்டு ஊற வைத்தார். மறுநாள் கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, ஒரே அடி. பின் வெளியே வந்தது. இடது பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ். வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் போட்டு மரையை அறுத்தவர்கள் எத்தனையோ பேர். சக்கரத்தின் பால்ஸை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். புள்ளி விழுந்ததைத் தனியாகப் போட்டார். பால்ஸ் மாற்றும்போது பழசும் புதுசும் கலக்கக் கூடாதாம், ஒரு பக்கத்துக்கு மாற்றினால் மொத்தமும் மாற்ற வேண்டும். பிறகு கோட்டம் எடுத்தார். எழுபத்திரண்டு கம்பிகளில் பதினொன்றுதான் புதுசு. மற்றதெல்லாம் அறுபது வருடத்துக் கம்பிதான்.

கம்பி பிரேக்கில் கட்டை ரிம்மின் உள்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். மழையில் நனைந்தால் அவ்வளவாகப் பிடிக்காது. "மழையில பாத்துப் போங்க டீச்சர், இது ஸ்கூட்டி இல்ல" என்று இரண்டு முறை சொன்னார்.

டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, பால்ஸ், கம்பி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய் ஆனது. கூலி எவ்வளவு என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு "ஐந்நூறு குடுங்க" என்றார். நாலு சாயங்கால வேலைக்கு ஐந்நூறு! அதை வாங்கவும் கூச்சம். பெயின்ட் டப்பாவுக்குப் போட்ட விலையைப் பேசாமல் கொடுக்கிறோம். இந்தக் கைக்கு மட்டும் பேரம் பேசுகிறோம். நான் பேரம் பேசினேன், வேறு பக்கமாக. இரண்டாயிரம் வாங்கிக்கொள்ள வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சைக்கிள் ஓடியது. அதன் பிறகுதான் பெயின்ட் பேச்சை எடுத்தோம்.

இப்போது என் கருத்தின் மறுபாதி. துரு வளர்கிற இடத்தில் மட்டும் பெயின்ட் அடித்தால் போதும். மற்ற இடத்தை விட்டுவிட வேண்டும்.

துருவில் இரண்டு வகை. ஒன்று, மேலாகப் படிந்த பழுப்பு. எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தால் போய்விடும், கீழே பழைய பெயின்ட் நன்றாக இருக்கும். இன்னொன்று, பெயின்டுக்கு அடியில் புகுந்து, இரும்பை அரித்து, செதில் செதிலாகப் பெயர்வது. இது நிற்காது. விட்டால் ஓட்டை விழும். எங்கள் சைக்கிளில் இரண்டாவது வகை மூன்று இடத்தில் இருந்தது. முன் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி, பெடல் அச்சு இருக்கும் இடத்தின் அடிப்பக்கம், பின்சக்கரத்தை ஒட்டிய குழாய்கள். எல்லாம் சேறு தெறித்துத் தங்கும் இடங்கள். அங்கே மட்டும் இரும்பு தெரியும் வரை சுரண்டி, துரு நீக்கும் திரவம் தடவி, கழுவிக் காயவைத்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் கறுப்பு எனாமல் மெல்லிசாக மூன்று தடவை. ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் ஒரு நாள் இடைவெளி. கெட்டியாக ஒரே தடவையில் அடித்தால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும், நகம் பட்டாலே உரிந்து வரும்.

மீதி ஃபிரேமுக்கு சோப்புத் தண்ணீர், மென்மையான துணி, கடைசியில் கார் மெழுகு. அவ்வளவுதான். அழுக்கு போனதும் தங்கக் கோடுகள் பாதிக்கு மேல் அப்படியே வெளியே வந்தன. தின்னரோ பெட்ரோலோ தொட்டுத் துடைத்திருந்தால் அந்தக் கோடும் கம்பெனிப் பெயரும் துணியோடு வந்திருக்கும்.

"புதுசாவே அடிச்சா இன்னும் நல்லாருக்குமே?" என்பவர்களுக்கு ஒரு விஷயம். தொழிற்சாலையில் அடித்தது அடுப்பில் சுட்ட எனாமல். சூட்டில் இறுகி இரும்போடு பிடித்துக்கொண்டது. நாம் வாசலில் பிரஷ் வைத்து அடிப்பது காற்றில் காய்வது. அந்தக் கடினம் இதற்கு வராது. அறுபது வருடம் நின்ற நல்ல பெயின்டைச் சுரண்டி எறிந்துவிட்டு, அதைவிட மட்டமான ஒன்றை அடிப்பதில் என்ன லாபம்? பவுடர் கோட்டிங் உறுதிதான், மறுக்கவில்லை. அதையும் கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டில்தான் இறுக்குகிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் மணல் மாதிரி ஒன்றை வேகமாக அடித்து இருந்ததையெல்லாம் துடைத்து எடுத்துவிடுவார்கள். கோடு போகும், பெயர் போகும். பூச்சு தடிமனாக இருப்பதால் ஃபிரேமில் அடித்திருக்கும் நம்பர்கூட மங்கிவிடும். சென்னை மருமகளே, இதனால்தான் வேண்டாம் என்றேன், கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்றை டீச்சராகச் சொல்கிறேன், அலட்சியம் வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்படியானால் 1963-ல் அடித்ததில் என்ன இருந்திருக்கும்? உலர்ந்த பெயின்டை உப்புத்தாளால் தேய்த்தால் அது தூசியாகப் பறந்து மூச்சில் போகும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கெடுதல். நான் என்ன செய்தேன்? பதின்மூன்று வயசுப் பேரனை வாசலில் உட்கார வைத்து, முகமூடிகூட இல்லாமல், உலர்ந்த தாளால் தேய்க்கச் சொன்னேன். எழுத்து போனது ஒரு தப்பு என்றால் இது இரண்டாவது தப்பு. உரசித்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீரில் நனையும் தாள் வாங்கி, ஈரமாகவே உரசுங்கள். முகமூடி போடுங்கள். வழிந்ததைத் துணியில் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை வீசிவிடுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அப்படியானால் முழுசாகப் பெயின்ட் அடிப்பதே தப்பா என்று கேட்பீர்கள். இல்லை. எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவருபவர் வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் சைக்கிளைக் கழுவி, கையில் கிடைத்த பெயின்டை முழுசாக அடிப்பார். ஒரு வருடம் பச்சை, ஒரு வருடம் நீலம். மறுநாள் சந்தனம், குங்குமம், ஹேண்டில் பாரில் மாலை. அது அவருடைய பிழைப்பு. மழையிலும் வெயிலிலும் தினம் நிற்கிற வண்டி. அவர் அடிப்பது பராமரிப்பு, அது சரி. ஃபிரேம் மொத்தமும் துருவேறிப் போனதென்றாலும், வேறு வழியில்லை, முழுசாக அடிக்கத்தான் வேண்டும். என் சண்டை அவர்களோடு இல்லை. நன்றாக இருக்கிற பழைய பூச்சை, பழசாகத் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக அழிக்கிறோமே, அதோடுதான்.

இதில் எனக்கே ஒரு பாடம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நோட்டுத் திருத்தும்போது, ஒரு பக்கத்தில் நாலு தப்பு இருந்தால் முழுப் பக்கத்தையும் குறுக்கே அடித்து "மறுபடி எழுது" என்பேன். சுத்தமான நோட்டு வேண்டும் எனக்கு. பல வருடம் கழித்துத்தான் புரிந்தது, தப்பான வார்த்தைக்கு அடியில் மட்டும் கோடு போட்டால் போதும், பிள்ளை எழுதிய மற்றதெல்லாம் அவனுடையது, அதை அடிக்க எனக்கு உரிமை இல்லை என்று. சைக்கிள் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "எனக்கும் நெறைய பக்கம் அடிச்சிருக்கீங்க டீச்சர்" என்றார், கம்பியை முறுக்கிக்கொண்டே. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் ஞாபகம் வைத்திருக்கிறார்.

அறுபத்து சொச்சம் வயதில் உப்புத்தாளைக் கையில் எடுத்தபோது அதே பழைய டீச்சராகத்தான் இருந்திருக்கிறேன். "சமமாகட்டும்" என்று நான் சொன்ன அந்த வார்த்தை இன்னும் காதில் கேட்கிறது.

உங்கள் வீட்டிலும் பரணிலோ கொட்டகையிலோ ஒரு பழைய ராலி, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. இருக்கலாம். கை வைக்கும் முன்பு இவற்றைச் செய்யுங்கள்.

1. எதையும் துடைப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஒரு முறை வெயிலில் சாய்த்து வைத்தும் எடுங்கள்.

2. அந்தப் படத்தை அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோருக்கும் அனுப்பி, "இதில் உங்களுக்கு என்ன ஞாபகம்?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை காத்திருங்கள். சைக்கிள் உங்கள் வீட்டில் நிற்பதால் அது உங்களுடையது மட்டும் ஆகிவிடாது.

3. முதலில் ஓட வையுங்கள். பால்ஸ், பிரேக், டயர், செயின். நல்ல மெக்கானிக்கைத் தேடுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள்.

4. எதைத் தொட்டுத் துடைப்பதானாலும் வெளியில் தெரியாத இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

5. துரு வளரும் இடத்தில் மட்டும் பெயின்ட். நசுங்கல், கீறல் எதனால் வந்தது என்று வீட்டில் யாருக்காவது தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள்.

6. கையில் புடைப்பாக எதுவும் தட்டுப்பட்டால் நிறுத்துங்கள்.

ஆறாவதை நான் முதலாவதாகவே போட்டிருக்கலாம்.

இப்போது தினமும் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு நூலகம் வரை போய் வருகிறேன். மூட்டு வலிக்கிறதுதான். ஏறும்போது பாரைத் தாண்டிக் காலைப் போட முடியவில்லை. திண்ணையை ஒட்டி நிறுத்தி, திண்ணையிலிருந்து ஏறிக்கொள்கிறேன். பேரன் சிரிக்கிறான். ஆனால் அவன் இப்போது பஞ்சர் ஒட்டுவான், வால்டியூப் மாற்றுவான். பள்ளிக்கூடத்தில் இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிறார்கள், ஆனால் ஒரு வால்டியூப் போனால் மாற்றத் தெரியாமல் தள்ளிக்கொண்டு போகிற பிள்ளைகளைத் தெருவில் பார்க்கிறேன். டீச்சர்களாக இருக்கும் என் பழைய மாணவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை போதும்.

கடைசியாகத் தங்கச்சிக்கு. இதைத் தனியாகப் போனில் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை சொல்லப் போய், மாப்பிள்ளை சுகரில் போய் நின்றுவிட்டது. எல்லோருக்கும் தெரியத்தானே படத்தைப் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன், அதனால் எல்லோருக்கும் தெரியவே சொல்கிறேன். தப்பு என்னுடையது. பேரன் நிறுத்தினான், நான்தான் தேய்க்கச் சொன்னேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

அந்த மூன்று எழுத்தையும் மறுபடி எழுதி வைத்துவிடலாம் என்று சொந்தத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். டவுனில் இன்னும் போர்டு எழுதுபவர் ஒருவர் இருக்கிறார். "ரா. செ." என்பதை அவர் அப்படியே எழுதிவிடுவார். "வ."வை எப்படி எழுதுவார்? அழகாக எழுதுவார். அது அப்பாவுடையது ஆகாது. அதனால் அந்தப் பட்டைக்கு வெள்ளை மட்டும் அடித்து வெறுமையாக விட்டிருக்கிறேன். அதில் எழுதலாமா, இப்படியே விடலாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு வா. நீ வரும் வரை அதில் யார் கையும் படாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்